எம்.எஸ்சி. உயிர்வேதியியல்: மனப்பாடம் வராதவர் எப்படிப் படிப்பது?

கேட்டவர் திருமங்கலத்துக்காரர். பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு, மதுரையிலேயே தங்கி எம்.எஸ்சி. உயிர்வேதியியல் படிக்க நினைக்கிறார். "சுழற்சிகளையும் என்சைம் பெயர்களையும் பார்த்தாலே பயமாக இருக்கிறது, மனப்பாடம் சுத்தமாக வராது. இரண்டு வருஷத்தை எப்படிப் படித்தால் பிஎச்.டி.க்கோ ஆய்வக வேலைக்கோ உருப்படியாகப் போகலாம்?" என்பது கேள்வி.

மனப்பாடம் வராதது இந்தப் படிப்பில் பெரிய குறை இல்லை. முதுகலையில் பலரைச் சாய்ப்பது கணக்கும் கைவேலையும்தான். பஃபர் (பி.ஹெச். மாறாமல் காக்கும் கரைசல்) தயாரிக்கத் தெரியாமல், நீர்த்த அளவைப் பெருக்க மறந்து, ரெக்கார்டு நோட்டில் மட்டும் அழகான கிராஃப் வரைந்து பட்டம் வாங்கிவிடலாம். ஆனால் பிஎச்.டி. நேர்முகத்தில் "இந்த எண் எப்படி வந்தது?" என்ற ஒற்றைக் கேள்வியில் அது வெளுத்துவிடும். வேதியியல் படித்து வந்த உங்களுக்கு இந்த இடத்தில் முன்னிலை இருக்கிறது. அதை விட்டுவிட்டு விலங்கியல் மாணவரோடு மனப்பாடத்தில் போட்டி போடாதீர்கள்.

சேர்வதற்கு முன் ஒரு விஷயம். எம்.எஸ்சி. உயிர்வேதியியல் இரண்டு வருஷம். மருத்துவக் கல்லூரிகளில் நடக்கும் எம்.எஸ்சி. மெடிக்கல் பயோகெமிஸ்ட்ரி வேறு படிப்பு, வழக்கமாக மூன்று வருஷம். மருத்துவமனை ஆய்வகமும் மருத்துவக் கல்லூரி வேலையும் நோக்கமாக இருந்தால்தான் அது. மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஆதரவோடு நடக்கும் எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி இடங்களுக்கு ஜி.ஏ.டி.-பி. நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். பல்கலை நகரில் காமராசர் பல்கலைக்கழகமானாலும் நகருக்குள் ஒரு கல்லூரியானாலும், பணம் கட்டுவதற்கு முன் ஆய்வகத்தை நேரில் போய்ப் பாருங்கள். குளிர் சென்ட்ரிபியூஜ் ஓடுகிறதா, ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் எத்தனை பேருக்கு ஒரு முறை கிடைக்கும், ஃப்ரீசருக்கு மின்தடையில் மாற்று ஏற்பாடு உண்டா, மாணவர்களே பிப்பெட் பிடிக்கிறார்களா அல்லது செய்துகாட்டுவதைச் சுற்றி நின்று பார்க்கிறார்களா என்று சீனியர்களிடம் கேளுங்கள். வாசலில் தொங்கும் தரச் சான்றிதழ் இந்த நான்கையும் சொல்லாது.

இனி படிப்பு. முதல் செமஸ்டரில் ஒரே ஒரு என்சைமை எடுத்து, அதைப் பிரித்தெடுப்பது முதல் இயக்கவியல் வரை முழுதாகப் புரிந்துகொள்ளுங்கள். பாடத்திட்டத்தில் பாதி அதற்குள் வந்துவிடும். முளைகட்டிய பாசிப்பயறில் இருக்கும், பாஸ்பேட்டை வெட்டிவிடும் ஆசிட் பாஸ்படேஸ் என்ற என்சைம் இதற்கு நல்ல தேர்வு. பயறு எந்தப் பலசரக்குக் கடையிலும் கிடைக்கும், நிறம் கண்ணுக்குத் தெரியும், தப்புகள் எல்லாமே பாடம் சொல்லும் தப்புகள்.

பஃபரிலிருந்து தொடங்குவோம். ஒரு லிட்டர், 0.1 மோலார், பி.ஹெச். 5.0 அசிடேட் பஃபர் வேண்டும். அசிட்டிக் அமிலத்தின் பி.கே.ஏ. (அமிலமும் அதன் உப்பும் சரிபாதியாக இருக்கும் பி.ஹெச்.) 4.76. வித்தியாசம் 0.24. பத்தின் அடுக்கு 0.24 என்றால் 1.74. அதாவது அசிடேட் 1.74 பங்கு, அமிலம் 1 பங்கு. மொத்தம் 0.1 மோலில் அசிடேட் 0.0635 மோல், அமிலம் 0.0365 மோல். சோடியம் அசிடேட் டிரைஹைட்ரேட்டின் மூலக்கூறு எடை 136.08, ஆகவே 8.64 கிராம். கிளேஷியல் அசிட்டிக் அமிலம் சுமார் 17.4 மோலார், ஆகவே 2.1 மி.லி. 900 மி.லி. வரை தண்ணீர் விட்டுக் கரைத்து, மீட்டரில் பார்த்துச் சரிசெய்து, பிறகு ஒரு லிட்டராக்குங்கள்.

இங்கே வழக்கமாக நடக்கும் தப்பு: பாட்டிலில் இருப்பது அன்ஹைட்ரஸ் உப்பு, மூலக்கூறு எடை 82.03. லேபிளைப் பார்க்காமல் அதே 8.64 கிராமைப் போட்டால் 0.105 மோல் ஆகிவிடும், பி.ஹெச். 5.2ஐத் தாண்டும். மீட்டரைப் பார்த்ததும் "மீட்டர் சரியில்லை" என்று அமிலத்தை ஊற்றி 5.0க்கு இறக்குவார்கள். பி.ஹெச். சரியாகிவிடும், ஆனால் பஃபர் 0.1 மோலாராக இருக்காது. கணக்கும் மீட்டரும் 0.1 அலகுக்கு மேல் ஒத்துப்போகாவிட்டால் நிறுத்தி லேபிளைப் பாருங்கள், அமில பாட்டிலைத் தொடாதீர்கள். காய்ச்சி வடித்த தண்ணீரின் பி.ஹெச். 5.5 முதல் 6 வரை காட்டுவது கோளாறு இல்லை, காற்றிலிருந்து கரைந்த கார்பன் டை ஆக்சைடு. ஆனால் உப்புத்தன்மை மிகுந்த போர் தண்ணீரில் ஓடும் டிஸ்டிலேஷன் யூனிட்டில் சீக்கிரமே செதில் படியும். அதன் தண்ணீரை மாதம் ஒருமுறையாவது கண்டக்டிவிட்டி பார்ப்பது நல்லது.

பயறு 8 மணி நேரம் ஊறி, ஈரத்துணியில் 24 முதல் 48 மணி நேரம் முளைக்கட்டும். மதுரைக் கோடையில் இரண்டாம் நாளே புளித்த வாடை வரும், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அலச வேண்டும். வாடை வந்த பயறில் பாக்டீரியாவின் பாஸ்படேஸையும் சேர்த்தே அளப்பீர்கள். 50 கிராம் முளையைக் குளிர்ந்த பஃபர் 100 மி.லி.யில் அரைத்து, நான்கு மடிப்பு மஸ்லின் துணியில் வடிகட்டி, 10,000 ஜி-யில் 20 நிமிஷம் சுழற்றுங்கள். ஜி (புவியீர்ப்பின் எத்தனை மடங்கு) வேறு, ஆர்.பி.எம். (நிமிஷத்துக்கு எத்தனை சுற்று) வேறு. ஆரம் 8 செ.மீ. உள்ள ரோட்டரில் 10,000 ஆர்.பி.எம். ஏறக்குறைய 8,900 ஜி தரும். ஆரம் 15 செ.மீ. உள்ள சாதாரண மேசை சென்ட்ரிபியூஜில் 4,000 ஆர்.பி.எம். வெறும் 2,700 ஜி. "10,000ல் சுற்றினேன்" என்று மட்டும் எழுதினால் வேறொருவரால் அதைத் திரும்பச் செய்ய முடியாது.

அளவிடும் முறை: 0.8 மி.லி. பஃபர், 0.1 மி.லி. 5 மில்லிமோலார் பாரா-நைட்ரோபீனைல் பாஸ்பேட் (என்சைம் வெட்டப்போகும் பொருள், அதாவது சப்ஸ்ட்ரேட்), 37 டிகிரியில் ஐந்து நிமிஷம் வைத்துச் சூடாக்கிவிட்டு, 0.1 மி.லி. என்சைம். பத்து நிமிஷம் கழித்து 2 மி.லி. 0.2 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு. விடுபட்ட நைட்ரோபீனாலின் பி.கே.ஏ. ஏழை ஒட்டியது, அதனால் பி.ஹெச். 5ல் நிறமே தெரியாது. காரம் விட்டதும்தான் மஞ்சளாகும், என்சைமும் அத்தோடு நிற்கும். பிளாங்கில் (வினை நடக்காத ஒப்பீட்டுக் குழாயில்) காரத்தை முதலில் விட்டுப் பிறகு என்சைமைச் சேர்க்க வேண்டும். வெறும் தண்ணீரைப் பிளாங்காக வைத்தால், தானாகவே உடைந்த சப்ஸ்ட்ரேட்டின் நிறமும் பயறுச் சாற்றின் நிறமும் உங்கள் கணக்கில் ஏறிவிடும்.

405 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் 0.37 வந்தது என்று வைத்துக்கொள்வோம். மோலார் உறிஞ்சு குணகம் 18,500 என்று எடுத்தால், செறிவு 20 மைக்ரோமோலார். கரைசல் இப்போது 3 மி.லி., ஆகவே 60 நானோமோல். பத்து நிமிஷத்தால் வகுத்தால் நிமிஷத்துக்கு 6. அது 0.1 மி.லி. என்சைமிலிருந்து வந்தது, ஆகவே ஒரு மி.லி.க்கு 60 நானோமோல், அதாவது 0.06 யூனிட் (நிமிஷத்துக்கு ஒரு மைக்ரோமோல் என்பது ஒரு யூனிட்). என்சைமை இருபது மடங்கு நீர்த்திருந்தால் 1.2 யூனிட். இந்தக் கணக்கில் இரண்டு பள்ளங்கள். வினை நடந்த 1 மி.லி.யை வைத்துப் பெருக்கினால் விடை மூன்றில் ஒன்றாகும். நீர்த்ததை மறந்தால் இருபதில் ஒன்றாகும்.

மூன்றாவது ஒன்று ஒளிந்திருக்கிறது. குழாயில் மொத்த சப்ஸ்ட்ரேட் 500 நானோமோல். அதில் 60 போய்விட்டது, 12 சதவீதம். தொடக்க வேகம் என்று சொல்ல வேண்டுமானால் பத்து சதவீதத்துக்குள் நிறுத்த வேண்டும். ஆகவே ஐந்து நிமிஷத்தில் நிறுத்துங்கள், அல்லது என்சைமை இன்னும் நீர்த்துங்கள். கிராஃப் கோடு வளைகிறது என்று வருபவர்களில் பலருக்குச் சிக்கல் இதுதான்.

சுத்திகரிப்புக்கு அம்மோனியம் சல்பேட். 0 டிகிரியில் 100 மி.லி. சாற்றை 40 சதவீதத் தெவிட்டு நிலைக்கு (உப்பு மேலும் கரையாத எல்லையில் 40 சதவீதம்) கொண்டுபோக 22.6 கிராம் வேண்டும், 25 டிகிரி அட்டவணையில் 24.3 கிராம். எந்த வெப்பநிலை அட்டவணை என்று பார்க்காமல் எடை போடுபவர்கள் அதிகம். உப்பைப் பொடித்து, பனிக்கட்டியில் வைத்து, மெதுவாகக் கலக்கியபடி அரை மணி நேரம் எடுத்துச் சிறிது சிறிதாகப் போடுங்கள். கொட்டிவிட்டால் விழுந்த இடத்தில் செறிவு எகிறி, வேண்டாத புரதமும் வேண்டிய புரதமும் சேர்ந்து படியும். நுரை வருமளவு கலக்கினால் புரதம் குலைந்துவிடும். 40 வரை படிந்ததை ஒதுக்கிவிட்டு, 80 வரை படிவதை எடுத்து டயாலிசிஸ் (சவ்வுப் பையில் வைத்து உப்பை வெளியேற்றுவது) செய்யுங்கள். பையைப் பாதிக்குமேல் நிரப்பக் கூடாது, உள்ளே தண்ணீர் ஏறி உப்பி வெடிக்கும். முடிந்ததா என்று தெரிய, வெளித்தண்ணீரில் இரண்டு சொட்டு பேரியம் குளோரைடு விடுங்கள். வெள்ளைப் படிவு வந்தால் சல்பேட் இன்னும் இருக்கிறது. அந்த நிலையில் டி.ஈ.ஏ.ஈ. காலமில் (மின்னேற்றத்தால் புரதத்தைப் பிடித்துவைக்கும் குழாயில்) ஏற்றினால் புரதம் ஒட்டாமல் நேராக வெளியே ஓடிவிடும்.

புரத அளவுக்கு லௌரி முறை என்றால் டிரிஸ், அம்மோனியம் சல்பேட், ஈ.டி.டி.ஏ., தயால் எல்லாம் குறுக்கிடும். பிராட்ஃபோர்டு இவற்றில் பெரும்பாலானதைத் தாங்கும், டிடர்ஜென்ட்டைத் தாங்காது. எந்த முறையானாலும் ஸ்டாண்டர்டு புரதத்தையும் அதே பஃபரிலேயே கரையுங்கள்.

இப்போது அட்டவணை. எண்கள் மாதிரிக்குத்தான். முதல் சாறு 100 மி.லி.: புரதம் மி.லி.க்கு 5 மி.கி., மொத்தம் 500 மி.கி.; செயல்பாடு 120 யூனிட்; ஒரு மி.கி.க்கு 0.24. உப்புப் படிவும் டயாலிசிஸும் முடிந்து 10 மி.லி.: புரதம் 120 மி.கி., 90 யூனிட், ஒரு மி.கி.க்கு 0.75. விளைச்சல் 75 சதவீதம், சுத்தம் 3.1 மடங்கு. காலமுக்குப் பிறகு 20 மி.லி.: புரதம் 10 மி.கி., 48 யூனிட், ஒரு மி.கி.க்கு 4.8. விளைச்சல் 40 சதவீதம், சுத்தம் 20 மடங்கு. மொத்த யூனிட் ஒவ்வொரு படியிலும் குறைய வேண்டும், மி.கி.க்கான செயல்பாடு ஏற வேண்டும். பின்னது ஏறாவிட்டால் அந்தப் படி வீண்.

டயாலிசிஸ் முடிந்து விளைச்சல் 115 சதவீதம் வந்தால் உடனே தப்பு என்று அடித்துவிடாதீர்கள். பயறுச் சாற்றில் இருந்த பாஸ்பேட் இந்த என்சைமுக்குப் போட்டித் தடுப்பான். அது வெளியேறியதும் என்சைம் வேகமெடுக்கும். இதே காரணத்தால்தான் பாஸ்படேஸ் சோதனைக்கு பாஸ்பேட் பஃபர் எடுக்கக் கூடாது. நேர்முகங்களில் கேட்க ஏற்ற கேள்வி இது, காரணம் தெரிந்தவருக்கு அரை நிமிஷப் பதில்.

காலமுக்கு டிரிஸ் பஃபர் எடுத்தால் இன்னொரு எச்சரிக்கை. டிரிஸின் பி.கே.ஏ. 25 டிகிரியில் சுமார் 8.1. ஒவ்வொரு டிகிரி குறையும்போதும் பி.ஹெச். ஏறக்குறைய 0.028 ஏறும். மே மாதம், ஏ.சி. இல்லாத ஆய்வகம், பஃபர் 34 டிகிரியில் இருக்கிறது. மீட்டரில் 8.0 வைத்துவிட்டு 4 டிகிரி குளிர் அறைக்குக் கொண்டுபோனால் அது 8.8ஐத் தாண்டியிருக்கும். புனேயிலோ பெங்களூரிலோ எழுதிய செய்முறையை அப்படியே இங்கே செய்து, காலமில் புரதம் வேறு இடத்தில் இறங்குகிறது என்று குழம்புவது இதனால்தான். பயன்படுத்தும் வெப்பநிலைக்கு பஃபரைக் குளிரவைத்து, மீட்டரையும் அதே வெப்பநிலையில் சரிபார்த்து, பிறகு பி.ஹெச். வையுங்கள்.

இயக்கவியலில் நினைவில் வைக்க வேண்டியது ஒரே சமன்பாடு, 1913ல் மைக்கேலிசும் மென்டெனும் தந்தது. மற்றதை அதிலிருந்து நீங்களே வருவிக்கலாம். சப்ஸ்ட்ரேட் அளவுகளை கே.எம்.மின் (உச்ச வேகத்தில் பாதி கிடைக்கும் சப்ஸ்ட்ரேட் செறிவின்) ஐந்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்து மடங்கு வரை பரப்பி ஆறேழு புள்ளிகள் எடுங்கள். எல்லாப் புள்ளியும் கே.எம்.முக்கு மேலேயே இருந்தால் கோடு நேராக வரும், ஆனால் கே.எம். நம்பத்தக்கதாக இருக்காது. 1934ல் வந்த லைன்வீவர்-பர்க் தலைகீழ் வரைபடத்தைத் தேர்வுக்கு வரையப் பழகுங்கள், ஆய்வுக்கு நம்பாதீர்கள். மிகக் குறைந்த செறிவில் எடுத்த, பிழை அதிகமுள்ள புள்ளிதான் அதில் கோட்டை இழுத்துக்கொண்டு போகும். கணினியில் வளைகோட்டையே நேரடியாகப் பொருத்துங்கள். தடுப்பானுக்கு ஒரு கணக்கு: கே.எம். 0.5 மில்லிமோலார், 2 மில்லிமோலார் பாஸ்பேட் சேர்த்ததும் 1.5 ஆகத் தெரிகிறது, வி-மேக்ஸ் (உச்ச வேகம்) மாறவில்லை. மூன்று மடங்கு, ஆகவே ஒன்றோடு இரண்டு கூடியிருக்கிறது, கே.ஐ. (தடுப்பான் எவ்வளவு வலுவானது என்று காட்டும் மாறிலி) 1 மில்லிமோலார். இப்படிப் பத்துக் கணக்கு போட்டவருக்குத் தடுப்பு வகைகளின் அட்டவணை தானாக மனதில் நிற்கும்.

நீங்கள் பயப்படும் வளர்சிதை மாற்றத்துக்கு வருகிறேன். பெயர்களை வரிசையாக ஒப்பிக்க வேண்டாம். ஒவ்வொரு படியிலும் கார்பன் எத்தனை, நடந்தது எந்த வகை வினை, ஆற்றல் இறக்கம் பெரிதா சிறிதா என்று மட்டும் கேளுங்கள். குளுக்கோஸை உடைக்கும் கிளைக்காலிசிஸின் பத்துப் படிகளில் திரும்ப முடியாதவை மூன்று: ஹெக்ஸோகைனேஸ், பாஸ்போஃப்ரக்டோகைனேஸ், பைருவேட் கைனேஸ். கட்டுப்பாடு எல்லாம் அங்கேதான், குளுக்கோஸைத் திரும்பக் கட்டும்போது மாற்றுவழி வேண்டியிருப்பதும் அதே மூன்று இடங்களில்தான். கார்பனில் கைபோட்டுப் பழகிய வேதியியல் மாணவருக்கு ஆல்டால் பிளவும் கார்பாக்சில் இழப்பும் புதிதல்ல.

செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி. எத்தனை கிடைக்கும் என்ற கணக்கில் ஒரு குழப்பம் உண்டு. என்.ஏ.டி.ஹெச்.சுக்கு 3, எஃப்.ஏ.டி.ஹெச்.டூவுக்கு 2 என்பது பழைய கணக்கு, 2.5, 1.5 என்பது இன்றைய கணக்கு. 16 கார்பன் கொழுப்பு அமிலமான பால்மிட்டேட்டை எடுத்தால், இரண்டிரண்டு கார்பனாக வெட்ட ஏழு சுற்று, எட்டு அசிட்டைல் கோ-ஏ. ஏழு சுற்றில் 28, எட்டில் 80, செலவு 2, ஆக 106. பழைய கணக்கில் 129. விடைத்தாளில் எந்த மதிப்பை எடுத்தீர்கள் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள், திருத்துபவர் எந்தக் காலத்துப் புத்தகம் படித்தவரானாலும் மதிப்பெண் போகாது.

நிஜமாகவே மனப்பாடம் வேண்டியது கொஞ்சம்தான்: இருபது அமினோ அமிலங்களின் அமைப்பு, ஓரெழுத்துக் குறி, பக்கச் சங்கிலிகளின் பி.கே.ஏ., நான்கு நைட்ரஜன் காரங்களோடு யுராசில், விட்டமின்களும் அவற்றின் துணை என்சைம்களும். இதைச் சேர்வதற்கு முந்தைய விடுமுறையிலேயே முடித்துவிடலாம். புரத அமைப்பில் ராமச்சந்திரன் வரைபடத்தைப் படம்பார்த்து உருப்போடாதீர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் உடன் உழைத்தவர்களும் 1963ல் வெளியிட்ட அந்த வேலை, அணுக்கள் ஒன்றோடொன்று இடிக்காத கோணங்கள் எவை என்ற கணக்குதான். கிளைசினுக்கு ஏன் இடம் அதிகம், புரோலினுக்கு ஏன் குறைவு என்று ஒரு மூலக்கூறு மாடலைத் திருகிப் பார்த்தால் அந்தப் படத்தை நீங்களே வரைந்துவிடலாம்.

தேர்வுகள். ஆய்வு உதவித்தொகைக்கு வழிவிடும் சி.எஸ்.ஐ.ஆர். நெட் லைஃப் சயின்ஸ் மூன்று மணி நேரம், 200 மதிப்பெண். பகுதி ஏ-யில் 20க்கு 15, பி-யில் 50க்கு 35, சி-யில் 75க்கு 25 கேள்வி எழுதினால் போதும். பாதி மதிப்பெண் சி-யில், கேள்விக்கு நான்கு; தப்புக்கு கால்பங்கு கழியும். சி கேள்விகளில் பெரும்பாலானவை சோதனை முடிவைக் கொடுத்து அர்த்தம் கேட்பவை, அதனால்தான் மேலே பயறைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு சொன்னேன். முழுப் பாடத்திட்டத்தையும் தொட முயலாமல் ஏழெட்டு அலகுகளை ஆழமாக எடுங்கள். சூழலியலையும் பரிணாமத்தையும் விட்டுவிட்டாலும் உயிர்வேதியியல், செல், மூலக்கூறு உயிரியல், நோயெதிர்ப்பு, செய்முறை நுட்பங்கள் போதிய கேள்வி தரும். கேட் தேர்வில் எக்ஸ்.எல். (உயிர் அறிவியல்) தாள் உங்களுக்கு வாகானது: வேதியியல் 25 மதிப்பெண்ணுக்குக் கட்டாயம், அது உங்கள் சொந்தப் பாடம். ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும். எந்த ஆய்வகத்தின் கதவையும் அதை வைத்துத் தட்டலாம்.

முதல் வருஷக் கோடையை வீணாக்காதீர்கள். மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே விண்ணப்பிக்க வேண்டும், சேர்ந்த உடனே தேதியைக் கவனியுங்கள். மதுரையை விட்டுப் போக முடியாத வீட்டுச் சூழல் என்றால், காமராசர் பல்கலைக்கழகத்தின் உயிரியல் துறைகளும், கண் நோய்களில் மரபியலும் புரத ஆய்வும் செய்யும் அரவிந்த் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையும் உள்ளூரிலேயே இருக்கின்றன. மின்னஞ்சலில் "எந்த வேலையானாலும் சரி" என்று எழுதாமல், அவர்களுடைய ஒரு கட்டுரையைப் படித்து, அதில் ஒரு படத்தைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள்.

கடைசி செமஸ்டர் புராஜெக்டில் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். நம் பக்கத்தில் ஏதோ ஒரு இலையை மெத்தனாலில் ஊறவைத்து, டி.பி.பி.ஹெச். (ஊதா நிறம் மங்குவதை வைத்து ஆன்டிஆக்சிடன்ட்டை அளக்கும்) சோதனை போட்டு, "ஆன்டிஆக்சிடன்ட் உண்டு" என்று முடிப்பது வழக்கமாகிவிட்டது. எந்தப் பச்சை இலையிலும் அது உண்டு, அதனால் கேள்வியே இல்லாத சோதனை அது. போதாததற்கு, சாற்றின் சொந்த நிறமே 517 நானோமீட்டரில் உறிஞ்சும், டி.பி.பி.ஹெச். இல்லாத சாறு-பிளாங்க் வைக்காவிட்டால் எண்ணும் தப்பு. கைடு தரும் தலைப்பு இதுதான் என்றாலும், அதற்குள் ஒரு கேள்வியை நுழைக்க இடம் உண்டு: வெயிலில் காய்ந்ததற்கும் நிழலில் காய்ந்ததற்கும் என்ன வித்தியாசம், கொதிக்கவைத்தால் எவ்வளவு மிஞ்சுகிறது, அஸ்கார்பிக் அமிலத்தோடு ஒப்பிட்டால் கிராமுக்கு எவ்வளவு. ஒவ்வொன்றையும் மூன்று தனித்தனிச் சாறுகளில் செய்யுங்கள். ஒரே சாற்றை மூன்று குழாயில் ஊற்றி அளப்பது உங்கள் பிப்பெட்டின் நிதானத்தைத்தான் காட்டும், இலையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. வைவாவில் வெளித்தேர்வாளர் முதலில் கேட்பது "என் (n, தனித்தனி மாதிரிகளின் எண்ணிக்கை) எத்தனை?" என்றுதான்.